பேழையில் மிதந்த குழந்தை

கடந்த ஆண்டு ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் அண்ணன் மகனை நயினாதீவுக்கு அழைத்துச் சென்றேன். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலம் கடந்து, வேலணை தாண்டி, புங்குடுதீவின் மறுகோடியிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறை வரை செல்லும் நீண்ட தெரு அது. இரு மருங்கிலும் கடலும், ஆளற்ற வீடுகளும், தலையிழந்த பனைகளும். வழித்துணைக்காக வாகனத்தினுள் அவன் ஓர் ஆங்கிலப் பாடலை ஒலிக்கவிட்டான்.

எனக்கு றொக் இசையில் பெரிய பரிச்சயம் இல்லை. எனினும் அந்தப் பாடல் என்னைப் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்க வைத்தது. தாலாட்டுப்போல மெல்லத் தொடங்கி, பத்து நிமிடங்களுக்கு மேல் நீண்டு, இறுதியில் ஒரு கிழவனின் வெறிக் கூச்சலாக முடிந்தது. 'ஜெனசிஸ்' என்னும் ஆங்கிலேய இசைக்குழு 1971 ஆம் ஆண்டு வெளியிட்ட 'நேர்சறி கிறைம்' என்ற இசைத்தட்டின் முதற் பாடல் அதுவென்றும், பெயர் 'த மியூசிக்கல் பொக்ஸ்', அதாவது இசைப்பெட்டி, என்றும் அவன் சொன்னான். கதையையும் சொன்னான். விக்ரோறியா காலத்துப் பெரிய வீடொன்றில் சிந்தியா என்ற ஒன்பது வயதுச் சிறுமி, விளையாட்டின்போது ஹென்றி என்ற எட்டு வயதுச் சிறுவனின் தலையைக் குறோக்கே மட்டையால் கொய்துவிடுகிறாள். இரு வாரங்களின் பின் அவனது அறையில் ஓர் இசைப்பெட்டியைக் கண்டெடுக்கிறாள். திறந்ததும் மழலைப் பாட்டொன்று ஒலிக்க, ஹென்றியின் ஆவி வெளிப்படுகிறது. உடல் கணத்துக்குக் கணம் மூப்படைகிறது. மனம் மட்டும் குழந்தையாகவே நிற்கிறது. வாழாத வாழ்நாள் முழுவதற்குமான ஆசைகள் அந்தக் கிழட்டுக் குழந்தையை ஒரே நேரத்தில் பற்றிக்கொள்கின்றன. சத்தம் கேட்டு ஓடிவரும் செவிலி, பெட்டியைத் தூக்கி எறிந்து இரண்டையும் அழிக்கிறாள். பாடகர் பீற்றர் கேபிரியல் மேடையில் இதன் இறுதிப் பகுதியைக் கிழவனின் முகமூடி அணிந்து பாடுவாராம்.

"சித்தப்பா, தமிழிலை இப்பிடி ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டான்.

உடனடியாக இல்லையென்று சொல்லவே வாய் எழுந்தது. ஆனால் அந்தக் கணத்தில் வாகனம் புங்குடுதீவுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. என் தாயாரின் ஊர். அரை நூற்றாண்டுக்கு முன் அம்மம்மா இருளில் பாடக் கேட்ட வேறொரு பெட்டியின் பாட்டு நினைவுக்கு வந்தது. அவனுக்கு அன்று அரைகுறையாகச் சொன்னதை இங்கே சற்று ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

சிலப்பதிகாரத்தை வாசித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கக் கூடும். அக்காப்பியத்தில் கண்ணகிக்குக் குழந்தைப் பருவம் இல்லை. பன்னிரண்டு வயதில், பதினாறு வயதுக் கோவலனுக்கு மணமகளாகவே அவள் நமக்கு அறிமுகமாகிறாள். அவள் எங்கே பிறந்தாள், எதனோடு விளையாடினாள், எதற்கு அஞ்சினாள் என்பதொன்றும் இளங்கோவுக்குத் தேவைப்படவில்லை. காலில் கிடந்த சிலம்பினுள் மாணிக்கப் பரல்கள் இருந்தன என்பது வழக்கையே தீர்க்கும் செய்தி. அந்த மாணிக்கங்கள் எங்கிருந்து வந்தன என்பதை அவர் சொல்வதில்லை. இந்த இரண்டு வெற்றிடங்களையும் நிரப்பியது ஈழத்துக் கதைப்பாடல் மரபு. யாழ்ப்பாணத்தில் கோவலனார் கதை என்றும், கிழக்கிலங்கையில் கண்ணகி வழக்குரை என்றும் வழங்கும் அந்தப் பாடல், கண்ணகிக்கு ஒரு பிறப்பையும் ஒரு குழந்தைப் பருவத்தையும் கொடுத்தது. சிலம்பின் மணிகளை எங்கள் தீவகத்துக் கடலிலிருந்து எடுத்துக் கொடுத்தது. கிழக்கின் ஏடுகளை ஒப்புநோக்கிப் பண்டிதர் வீ. சீ. கந்தையா 1968 இல் பதிப்பித்த நூல் இன்றும் நமக்குக் கிடைக்கும் நல்ல பதிப்பு. வரம்பெறு காதை, கடலோட்டு காதை, வழக்குரைத்த காதை, குளிர்ச்சிக் காதை என்று அதன் பகுப்புகள் செல்லும்.

கதை இதுதான். பாண்டியனுக்கு நெற்றியில் மூன்றாவது கண் ஒன்று உண்டு. அவனது செருக்கை அடக்க வேண்டிப் பெண் தெய்வம், அவனுடைய சோலையில் எவராலும் பறிக்க முடியாத ஒரு மாங்கனியாகிக் கிளையில் தொங்குகிறது. கனியை அம்பெய்து வீழ்த்துகிறார்கள். அதன் பால் தெறித்து அரசனின் நெற்றிக்கண் அவிந்துபோகிறது. கனியை எடுத்துக் கலசத்தில் வைக்கிறார்கள்; சில நாளில் அது பெண் குழந்தையாகிறது. சோதிடர்கள் கூடி, இக்குழந்தை இருந்தால் மதுரை எரியும் என்கிறார்கள். எனவே அரசன் குழந்தையைப் பேழையொன்றில் அடைத்து நீரில் விட்டுவிடுகிறான். அலைகளில் மிதந்த அந்தப் பேழை காவிரிப்பூம்பட்டினத்துக் கரையை அடைகிறது. வணிகர் இருவர் அதைக் காண்கின்றனர். 'பெட்டி எனக்கு, உள்ளே இருப்பது உனக்கு' என்று அவர்கள் பேசிக்கொள்வதாக அம்மம்மா சொல்வார்.

இங்கே வாசகர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும். மதுரையை எரித்தவள் யாரோ ஒரு வேற்றூர் வணிகன் மகள் அல்லள். அந்த அரசன் பெட்டியில் அடைத்து எறிந்த குழந்தையே திரும்பி வந்து வாயிலில் நிற்கிறது. சிலப்பதிகாரத்தில் அது நீதி கேட்டு வந்த பெண்ணின் கதை. கதைப்பாடலில் அதற்கும் மேலாக, கைவிடப்பட்ட குழந்தையின் மீள்வரவு. ஹென்றியின் ஆவியைப் போலவே இந்தக் குழந்தையும், தன்னிடமிருந்து பறிக்கப்பட்டதைக் கேட்டுக்கொண்டே வருகிறது. பெட்டியில் மிதந்த குழந்தை உலகுக்குப் புதிதன்று. மோசேயை நாணற் கூடையில் விட்டார்கள். கர்ணனைப் பேழையில் விட்டாள் குந்தி. ஆனால் அவ்விருவரும் காப்பாற்றப்படுவதற்காகவோ மறைக்கப்படுவதற்காகவோ விடப்பட்டவர்கள். எங்கள் பாட்டின் குழந்தை, அதைக் கண்டு ஊர் அஞ்சியதால் விடப்பட்டது.

இதே பாட்டு சிங்கள மக்களிடமும் உண்டு என்பது யாழ்ப்பாணத்தில் பலர் அறியாத செய்தி. அவர்களுக்கு அவள் பத்தினி தெய்யோ. முப்பத்தைந்து பாடற்றொகுதிகள் எனப் பொருள்படும் 'பந்திஸ் கோல்முற' என்னும் சடங்கு நூல்களில் இந்தப் பிறப்புக் கதை விரிவாகப் பாடப்படுகிறது. அங்கே சக்கரன் கிழவன் உருவில் வந்து மாங்கனியை எய்கிறான். 'கம்மடுவ' சடங்கில் மாங்கனி எய்தலை நடித்தே காட்டுவார்கள். மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1984 இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூலில் இவற்றையெல்லாம் தொகுத்து ஆராய்ந்திருக்கிறார். நாடு இரண்டாகப் பிளந்து கொலைவெறியில் மூழ்கிய மறு ஆண்டு அந்த நூல் வெளிவந்தது. ஒரே குழந்தைக்கு இரு மொழிகளிலும் தாலாட்டுப் பாடியவர்கள்தாம் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள்.

ஆங்கிலேயருக்கும் இத்தகைய பாட்டுகள் ஏராளம் உண்டு. அமெரிக்கப் பேராசிரியர் பிறான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட், 1882 முதல் 1898 வரை 305 கதைப்பாடல்களைத் தொகுத்து வெளியிட்டார். பேயும் மோகினியும் பிள்ளைக் கொலையும் அவற்றில் மலிந்து கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றான 'ராம் லின்' என்ற ஸ்கொட்லாந்துப் பாட்டை 1969 இல் 'பெயர்போட் கொன்வென்ஷன்' என்ற குழு மின்கித்தாரும் பறையும் சேர்த்துப் பாடிப் புகழ்பெற்றது. ஜெனசிஸ் குழு பழம்பாட்டை எடுக்கவில்லை, தானே ஒன்றைப் புனைந்தது. ஆயினும் அதன் வேர் அந்த மண்ணில்தான் இருக்கிறது. அவர்களிடம் தொகுக்க ஒரு சைல்ட் இருந்தார், பிறகு பாட இளைஞர்கள் இருந்தார்கள். எங்களிடம் ஏடுகள் இருந்தன. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஓலைச்சுவடிகளும் போயின. அதற்குமேல் அதைப்பற்றி இங்கே எழுதவில்லை. பலரும் எழுதிவிட்டார்கள், நானும் எழுதியிருக்கிறேன்.

சிலம்புக்கு வருவோம். பேழையில் வந்த குழந்தை வளர்ந்து மணப் பருவம் எய்தியதும், அவள் காற்சிலம்புக்குப் பரலிட நாகமணி வேண்டியிருக்கிறது. ஐந்தலை நாகத்தின் தலையிலுள்ள மணி. அது நாகதீவில் மட்டுமே உண்டு. மீகாமன் என்னும் கடலோடி கப்பல்களைக் கட்டிக்கொண்டு புறப்படுகிறான். வழியில் நெடுந்தீவிலிருந்து அக்கடலை ஆண்ட வெடியரசன் அவனை மறிக்கிறான். கடும் போர். வெடியரசனின் தம்பியரும் போரில் இறங்குகின்றனர். இறுதியில் மீகாமன் வென்று மணிகளைப் பெற்றுச் செல்கிறான். காதற் காப்பியத்துக்கு நடுவே இப்படியொரு கடற்போர் வந்து அமர்ந்திருப்பதைக் கண்டு கற்றோர் முகம் சுளிப்பதுண்டு. எனக்கு அதுவே இப்பாட்டின் உயிர்நிலை என்று தோன்றுகிறது. மரக்கலம் கட்டுவதும், பாய் விரிப்பதும், காற்றுப் பார்ப்பதும் அறிந்தவர்கள் தமக்குத் தெரிந்த உலகத்தைக் கண்ணகியின் காலில் கட்டிவிட்டிருக்கிறார்கள்.

வெடியரசன் கோட்டை என்று ஓர் இடத்தை நெடுந்தீவின் மேற்குப் பக்கத்தில் இன்றும் காட்டுவார்கள். நான் இருமுறை சென்று பார்த்திருக்கிறேன். முருகைக்கல்லால் அமைந்த வட்ட வடிவான அடித்தளங்கள். தொல்லியலாளர் அவற்றைப் பண்டைய பௌத்த தூபிகளின் எச்சம் என்கின்றனர். பார்த்த கண்ணுக்கும் அப்படியே தோன்றும். கோட்டை அன்று என்பதற்காக ஊரவர் கதையை எள்ளி நகையாட வேண்டியதில்லை. இடிந்த கட்டடம் ஒன்றைக் கண்ட மக்கள், தமக்குத் தெரிந்த மிகப் பெரிய மனிதனின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். அதேவேளை, தூபி என்றவுடன் அது யாருடைய தூபி என்று சண்டைக்கு வருபவர்களும் உண்டு. ஆதித் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் தமிழ் பேசிய பௌத்தர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கு மணிமேகலையே போதிய சான்று.

அந்த மணிமேகலையும் இக்கடலோடு தொடர்புபட்டவளே. உறக்கத்தில் கிடந்த இளம்பெண்ணைக் கடல் தெய்வம் தூக்கி வந்து மணிபல்லவத் தீவில் விட்டுச் செல்கிறது. விழித்தெழுந்தவள் முன்பின் அறியாத மணற்கரையில் தனியே நிற்கிறாள். தமிழில் அச்சமூட்டும் காட்சி ஒன்றைச் சொல் என்றால் நான் இதைச் சொல்வேன். மணிபல்லவம் நயினாதீவே என்பாரும், யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதுமே என்பாரும் உளர். நயினாதீவுக்காரர் எவரும் இரண்டாவது கருத்தை ஏற்கமாட்டார். எனக்கு இரண்டுமே உறுதியாகத் தெரியவில்லை. நாகதீபம் என்ற பெயர் பழங்காலத்தில் குடாநாட்டையே குறித்தது என்பதை வல்லிபுரம் பொன்னேடு காட்டுகிறது. ஆகவே தீவுக்கு உரிய கதையையும் நாட்டுக்கு உரிய கதையையும் பிரித்தெடுப்பது எளிதன்று. மகாவம்சத்தில் ஒரு மணி ஆசனத்துக்காக நாக அரசர் இருவர் போரிடப் புத்தர் வந்து சமாதானம் செய்தார் என்று வருவதும் இந்த நாகதீபத்தில்தான். மணி, நாகம், போர். மூன்று சமயத்தாரும் மூன்று விதமாகச் சொன்னாலும் இந்த மூன்றும் மாறுவதில்லை.

நாகத்தின் தலையில் மணி இல்லை என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியாயின் கடலோடிகள் எதைத் தேடி வந்தார்கள்? இங்கேதான் நயினாதீவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு உதவிக்கு வருகிறது. பொலனறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் (1153 - 1186) ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963 இல் அதை வாசித்து வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் ஊறாத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து கூட வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மிகுதி உடையவனுக்கு. வணிகப் பண்டம் ஏற்றிய கலம் உடைந்தால் பாதிக்குப் பாதி. சிங்கள மன்னன் தமிழில் ஆணை பொறித்தான் என்பதைப் பற்றியே மேடைகளில் பேசப்படுகிறது. எனக்குப் பிடித்தது அந்தப் பங்குக் கணக்கு. கலம் உடையும் என்பதை முன்கூட்டியே எதிர்பார்த்து எழுதப்பட்ட சட்டம் அது. இந்தக் கடலில் செல்வம் மிதந்து வந்து கரை ஒதுங்கும். அது யாருக்கு உரியது என்ற கேள்வியும் கூடவே ஒதுங்கும். பெட்டி எனக்கு, உள்ளே இருப்பது உனக்கு என்று பேசிக்கொண்ட வணிகர்கள் என் அம்மம்மாவின் வாயில் எங்கிருந்து வந்தார்கள் என்பது இதை வாசித்தபோது எனக்குச் சற்றுப் புரிந்தது.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலின் கதையும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. வாயில் பூவைக் கவ்விக்கொண்டு அம்மனைத் தேடி நீந்தி வந்த நாகத்தைக் கருடன் துரத்துகிறது. நாகம் கடலிலுள்ள ஒரு பாறையைச் சுற்றிக்கொள்கிறது. கருடன் எதிர்ப்பாறையில் காத்திருக்கிறது. அவ்வழியே வந்த சோழநாட்டு வணிகன் இடைபுகுகிறான். தன் செல்வமனைத்தையும் அம்மனுக்கு அளிக்க அவன் ஒப்புக்கொண்ட பின்னரே கருடன் விலகுகிறது. அந்த இரு பாறைகளையும் படகோட்டிகள் இன்றும் கைநீட்டிக் காட்டுவார்கள். கதைப்பாடலில் நாகத்தின் செல்வத்தைச் சோழநாட்டுக்காரன் கொண்டுபோகிறான். கோயிற் கதையில் சோழநாட்டுக்காரன் தன் செல்வத்தை நாகத்தின் பொருட்டுக் கொடுத்துவிடுகிறான். முதலாவது, வந்தவன் சொன்ன கதை. இரண்டாவது, இருந்தவன் சொன்ன கதை என்று எனக்கொரு எண்ணம். சான்று காட்ட முடியாத எண்ணம்தான். இன்று பிறந்த குழந்தைகளைப் பெற்றோர் அந்த அம்மனிடம் கொண்டுவந்து கிடத்துகிறார்கள். நாங்கள் போன அன்றும் இலண்டனிலிருந்து வந்த இளந்தம்பதி ஒன்று கைக்குழந்தையோடு நின்றது.

புங்குடுதீவில் கண்ணகை அம்மன் கோயில் ஒன்று உண்டு. அம்மன் பேழையொன்றில் கடலில் மிதந்து வந்து அவ்வூர்க் கரையில் ஒதுங்கினாள் என்பது ஊர் மரபு. கதையில் குழந்தையைக் கொண்டுசென்ற அதே பேழை. ஆனால் இன்று அக்கோயிலின் பெயர்ப்பலகையில் முதலில் தெரிவது இராஜராஜேஸ்வரி அம்பாள் என்ற பெயர். இது அந்த ஊரில் மட்டும் நடந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் சைவ மறுமலர்ச்சியில், சமண வணிகர் குலத்துப் பெண்ணுக்குச் சைவர் கோயில் எடுப்பதாவது என்ற கேள்வி எழுந்தது. ஆறுமுக நாவலர் கண்ணகி வழிபாட்டைக் கடுமையாகக் கண்டித்தார். யாழ்ப்பாணம் எங்கும் கண்ணகை அம்மன் கோயில்கள் இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி, முத்துமாரி என்று ஆகமப் பெயர் பெற்றன. நாவலரின் உரைநடையில் தமிழ் கற்றவன் நான். அவருக்குப் பட்ட கடன் பெரிது. எனினும் இந்த ஒரு விடயத்தில் அவர் வென்றதால் நாங்கள் இழந்தது அதிகம் என்றே கருதுகிறேன். கிழக்கில் வைகாசி மாதத்தில் கதவு திறந்து, கலியாணக்கால் நாட்டி, வழக்குரை படித்து, குளிர்த்தி பாடி முடிப்பது இன்றும் நடக்கிறது. வடக்கில் கோயில் பெயர் மாறிய இடங்களில் பாட்டுக்கு வேலை இல்லாது போயிற்று.

மற்றொரு காரணமும் உண்டு. அதை வெளிப்படையாகச் சொல்லத் தயங்குவார்கள். மீகாமனை ஒரு சாதியினர் தம் முன்னோனாகக் கொண்டாடினர். வெடியரசனை மற்றொரு சாதியினர். கடலோட்டு காதையைப் பாடினால் ஒரு பகுதியினர் வென்றதும் மறு பகுதியினர் தோற்றதும் வந்துவிடும். சபையில் பாடினால் சண்டை. எனவே அது வீட்டுக்குள் ஒதுங்கியது, பெண்களிடம் ஒதுங்கியது.

வீட்டுக்குள் அப்பாட்டுக்கு வேறொரு வேலை இருந்தது. அந்தக் காலத்தில் பிள்ளைக்கு உடம்பில் கொப்புளம் கண்டால் அது நோய் அன்று, 'அம்மாள் வருத்தம்'. அம்மாள் வந்திருக்கிறாள் என்பார்கள். வேப்பிலை செருகி, பாயில் கிடத்தி, வீட்டில் தாளிப்பு மணமின்றி, பிறர் வரவின்றி இருப்பார்கள். மதுரையை எரித்தவளின் வெக்கைதான் பிள்ளையின் உடம்பில் இறங்கியிருக்கிறது. அவளைக் குளிரப் பண்ண அவள் கதையை அவளுக்கே பாட வேண்டும். பெரியம்மை உலகிலிருந்து முற்றாக ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 1980 இல் அறிவித்தது. அதற்குப் பிறகும் எங்கள் வீடுகளில் சின்னமுத்துக்கும் கொப்புளிப்பானுக்கும் பாட்டு நிற்கவில்லை. பிள்ளைப்பேற்று வீட்டில் மருத்துவிச்சி, பிறந்த சிசுவை வாழ்த்திப் பாடிவிட்டு, கொத்தி என்னும் பேயை அப்பால் போகும்படி ஏவுவாள். ஆக, தீவகத்துப் பிள்ளை ஒன்று முதலில் கேட்ட பாட்டிலேயே பேய் இருந்தது. இவற்றை மூடநம்பிக்கை என்று இளமையில் நானும் எழுதியிருக்கிறேன். அது பிழை என்று இப்போதும் சொல்லமாட்டேன்; ஆனால் மருத்துவரற்ற தீவில், கடும் சோளகக் காற்றில் படகு போகாத நாளில், காய்ச்சற்காரப் பிள்ளையின் அருகே இருந்த தாய்க்கு வேறு என்ன இருந்தது என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

எனக்கு அம்மாள் வருத்தம் வந்தபோது ஆறு வயதிருக்கும். ஐந்தோ ஆறோ நாட்கள் புங்குடுதீவில் அம்மம்மாவின் வீட்டு உள்ளறையில் கிடந்தேன். இரவில் போத்தல் விளக்கு ஒன்று. அம்மம்மா சுவரில் சாய்ந்திருந்து தாழ்ந்த குரலில், ஏறத்தாழ ஒரே சுருதியில் பாடுவார். மாங்கனி வரும்; கண் அவியும்; பேழை நீரில் இறங்கும். அந்த இடத்தில் குரல் உடைந்து நின்றுவிடும். சற்று நேரம் மௌனம். பிறகு காவிரிப்பூம்பட்டினத்தில் தொடங்குவார். பேழை நீரில் இருக்கும் நேரம் எப்பொழுதும் விடுபட்டுப் போகும். அந்த மௌனத்தில் நான் பயந்து நடுங்குவேன். என்னையும் பெட்டியில் வைத்துக் கடலில் விடப்போகிறார்கள் என்று உறுதியாக நம்பினேன். வற்றாப்பளை அம்மன் நந்திக்கடலோரம் கிழவி வேடத்தில் வந்து, மாடு மேய்த்த சிறுவனைப் பேன் பார்க்கச் சொன்னாள் என்றும், மயிரை விலக்கியவன் தலையெல்லாம் ஆயிரம் கண்களைக் கண்டான் என்றும் அவர் சொன்ன கதையும் அதே நாட்களுக்கு உரியது. அம்மம்மாவுக்குப் பேன் பார்க்க அதன் பின் நான் ஒருபோதும் இசைந்ததில்லை. நந்திக்கடல் என்றால் இன்று உலகத்துக்கு 2009 நினைவுக்கு வருகிறது. எனக்கு அந்தத் தலைதான் முதலில் வருகிறது.

மௌனத்தின் காரணத்தை அம்மா பல ஆண்டுகளின் பின்னரே சொன்னார். அம்மாவுக்கு முன் ஒரு பெண் குழந்தை பிறந்து நான்கு வயதுவரை இருந்ததாம். கொப்புளக் காய்ச்சலில் போய்விட்டது. தொற்று என்று அஞ்சி ஊரவர் எவரும் வரவில்லை. பாட்டனார் தாமே பலகை அறுத்துப் பெட்டி அடித்துத் தனியே கொண்டுபோய்ப் புதைத்தாராம். எங்கள் வழக்கில் சவப்பெட்டிக்கும் பெட்டி என்றே பெயர்.

1989 இல், பல்கலைக்கழகம் புக முன்னர், ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை இரவல் வாங்கிச் சென்று அம்மம்மாவைப் பாடச் சொன்னேன். முதலில் மறுத்தார். கடலோட்டுப் பகுதியைப் பாடவே மாட்டேன் என்றார். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து வந்துகொண்டிருந்த குமுதினிப் படகில் குழந்தைகள் உட்படக் குறைந்தது 23 பேர் வெட்டிக் கொல்லப்பட்டிருந்தனர். அதன் பிறகு அந்தக் கடலைப் பற்றிப் பாட வாய் வரவில்லை என்றார். பிறகு எப்படியோ மனமிரங்கி, ஒரு பிற்பகல் முழுவதும், கடலோட்டையும் சேர்த்துப் பாடினார். ஒலிநாடாவின் ஒரு பக்கம் நிறைந்தது.

1991 ஒக்ரோபரில் படையினர் தீவகத்தைக் கைப்பற்றியபோது மக்கள் குடாநாட்டுக்குள் ஓடிவந்தனர். அம்மம்மாவும் வந்தார். திரும்பிப் போகவில்லை, 1992 இல் எங்கள் வீட்டுத் திண்ணையில் காலமானார். 1993 இல் நான் புதிய செய்தியாளன். பொருளாதாரத் தடைக் காலம். மின்கலமும் ஒலிநாடாவும் கிடைத்தற்கரியவை. சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட நாட்கள். முக்கியமான நேர்காணல் ஒன்றுக்கு அவசரமாகப் புறப்பட்டபோது கைக்கு அகப்பட்ட நாடாவைப் போட்டுக்கொண்டு போனேன். எதன் மேல் பதிகிறேன் என்பது எனக்குத் தெரியும். பிறகு எப்போதாவது அம்மாவைப் பாடச் சொல்லிப் பதியலாம் என்று நினைத்தேன். அம்மாவுக்குப் பாட்டு முழுதாகத் தெரியாது என்பதைப் பின்னரே அறிந்தேன். அந்த நேர்காணல் பத்திரிகையில் அரைப் பக்கம் வந்தது. யாருடையது என்று இன்று கேட்டால் நினைவுபடுத்தத்தான் வேண்டும்.

நேர்காணல் நாடாவின் பக்கத்தை முழுதாக நிரப்பவில்லை. இறுதியில் அம்மம்மாவின் குரல் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக எஞ்சியிருக்கிறது. மாங்கனியும் இல்லை, பேழையும் இல்லை. மீகாமனின் கப்பலுக்கு எந்தெந்த மரம் வெட்டினார்கள் என்று அடுக்கிக்கொண்டு போகிற இடம். நயினாதீவிலிருந்து திரும்பிய இரவு அதை அண்ணன் மகனுக்குப் போட்டுக் காட்டினேன். அவன் தன் கைத்தொலைபேசியில் பதிந்து, அந்த ஒரே சுருதியை மின்கித்தாரில் பிடிக்க முடியுமா என்று பார்க்கப் போவதாகச் சொல்லிக் கொண்டுபோயிருக்கிறான். மரங்களின் வரிசை முடிவதற்கு முன்பே அவர் பாட்டை நிறுத்தி, என்னைப் பார்த்துச் சொல்வது தெளிவாகக் கேட்கிறது: "காணும் மோனை, பற்றறி முடியப்போகுது. ஆரோடையோ கருவியெண்டாய், கொண்டுபோய்க் குடு."